புதுப் புத்தகம்தான், உள்ளே படம் இருக்கிறதா?

கட்டடக்கலைக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் புதுப் பட்டியல் வந்ததும் ஆசிரியர்கள் டிக் அடித்துத் தருவார்கள். பார்த்து வாங்குவது என் பொறுப்பு. ஒருமுறை இருபதாம் நூற்றாண்டு ஓவியம் பற்றிய நூல் ஒன்றை மின்னூலாக வாங்கினேன். அலமாரியில் இடம் மிச்சமாகுமே என்ற நினைப்பு. ஒரு வாரத்தில் மாணவி ஒருத்தி வந்து திரையைக் காட்டினாள். பக்கத்தின் நடுவே சாம்பல் நிறப் பெட்டி, அதற்குள் 'உரிமைக் காரணங்களால் படம் நீக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அந்தப் படத்தின் வலது மூலையிலுள்ள நீலத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்!

அச்சுக்கு வாங்கிய பட அனுமதி மின்னூலுக்கும் செல்லும் என்று சொல்ல முடியாது. தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வு நூல்களில் பல நேரம் அந்தச் செலவு ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. ஐரோப்பிய நாடுகளில் கலைஞர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பிக்காசோ இறந்தது 1973-இல், ஆகவே 2043 முடியும்வரை. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் வரைபடங்களுக்கு 2035 முடியும்வரை. பழைய கலை என்றால் இந்தத் தொல்லை குறைவு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 2013-லேயே இதைத் தொடங்கிவிட்டது. அதனால் நவீன கலை என்றால் நான் அச்சுப் பிரதிதான் கேட்கிறேன். மின்னூலைத் தவிர வழியில்லை என்றால் மாதிரி அத்தியாயத்தைத் திறந்து சாம்பல் பெட்டி தென்படுகிறதா என்று பார்த்துவிடுவேன்.

'புதிது' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டினால், நம்மிடம் ஏற்கெனவே கெட்டி அட்டையில் இருக்கும் நூலே பேப்பர்பேக்காக வந்திருப்பது தெரியும். ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வேறாக இருப்பதால் பட்டியலில் புதிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பிளான்கள். 1:100 (தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் ஒரு மீட்டர்) என்று போட்ட வரைபடத்தைப் பக்கத்துக்குள் அடக்க நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுவார்கள். எண்ணை மாற்ற மறந்துவிடுவார்கள். ஒரு மாணவன் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, "இந்த அறை ஒன்றரை மீட்டர்தானா சார்?" என்று கேட்டான். உண்மையில் அது ஆறு மீட்டர் அறை. எண்ணுக்குப் பதில் மீட்டர் குறித்த அளவுக்கோடு ஒன்றைப் போட்டிருந்தால், படம் எவ்வளவு சுருங்கினாலும் கோடும் கூடவே சுருங்கியிருக்கும். இப்போதெல்லாம் புதுக் கட்டடக்கலை நூல் கைக்கு வந்தால் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறேன். அது இல்லாத பிளானை வெறும் படமாகத்தான் கணக்கில் வைக்கிறேன்.