வெல்டிங் புகை: வெல்டருக்குச் சேர வேண்டிய பாதுகாப்பும் யார் செலவு என்பதும்

பகல் முழுக்க ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்துவிட்டு வீட்டுக்குப் போன வெல்டருக்கு ராத்திரி உடம்பு தூக்கிப்போடும். குளிர், மேல்வலி, வாயில் ஒரு உலோகச் சுவை. ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும். சாதாரணக் காய்ச்சல் என்று அதை விட்டுவிடுகிறார்கள். அது பைப்பின் மேலிருந்த துத்தநாகப் பூச்சு ஆவியாகி நுரையீரலுக்குள் போனதால் வந்த காய்ச்சல். தொடர்ந்து சில நாள் வேலை செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். விடுமுறை கழிந்து முதல் நாள் போனதும் திரும்ப வரும். வந்த தேதியையும் அன்று செய்த வேலையையும் எழுதிவையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெல்டிங் புகையில் பெரும்பகுதி, உருகிச் சேரும் ராடிலிருந்தோ வயரிலிருந்தோதான் வருகிறது. அந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட, சிறியவை, அதனால் மூச்சுக்குழாயில் தங்காமல் காற்றுப்பை வரை போய்விடும். இரும்புத் துகள் படிந்து எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிவதுதான் சிடரோசிஸ். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெல்டிங் இன்னும் மோசம்: அதில் வருகிற குரோமியமும் நிக்கலும் ஆஸ்துமாவைக் கிளப்பும். நிமோனியாவும் வெல்டர்களுக்கு மற்றவர்களைவிட எளிதில் வருகிறது. 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கு முன் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற அளவில்தான் வைத்திருந்தார்கள். சாதா இரும்பு என்றால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. 2019 பிப்ரவரியில் பிரிட்டன் தன் விதியை இறுக்கியதும் இதனால்தான்: கட்டடத்துக்குள் சாதா இரும்பை வெல்டிங் செய்தாலும் புகையை உறிஞ்சும் அமைப்பு வேண்டும், வெறும் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாது என்று அறிவித்தது.

சரி, உங்களுக்கு என்ன சேர வேண்டும்? நாடுகளின் சட்டம் வேறுபட்டாலும் அடிப்படை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளில் இருக்கிறது. 1981இல் வந்த 155ஆம் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு மிகச் சின்னது. வேலையிடப் பாதுகாப்பு ஏற்பாடுகளால் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக்கூடாது என்கிறது. மாஸ்க் வாங்கக் கூலியில் பிடிப்பது அதற்கு நேர் விரோதம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து வேலையிலிருந்து விலகினால், அதற்காகப் பழிவாங்கக்கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. காற்றோட்டமில்லாத டேங்கிற்குள் இறங்கி ஆர்கான் வாயுவில் வெல்டிங் செய்யச் சொல்லும்போது இந்தப் பிரிவு நினைவில் இருக்கட்டும். ஆர்கான் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். ஏற்று உறுதிசெய்த நாடுகளைத்தான் உடன்படிக்கை நேரடியாகக் கட்டுப்படுத்தும். ஆனாலும் 2022 ஜூனில் பாதுகாப்பான பணிச்சூழலை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாக்கிவிட்டதால், உறுதிசெய்யாத உறுப்பு நாடும் அந்தக் கொள்கையை மதித்தாக வேண்டும்.

1990இன் 170ஆம் உடன்படிக்கை ரசாயனங்களைப் பற்றியது. புட்டியில் வருவது மட்டுமல்ல, வேலை செய்யும்போது வெளியாவதும் அதில் அடக்கம். அதனால் வெல்டிங் புகையும் வந்துவிடுகிறது. நீங்கள் சுவாசிப்பது எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ராடு பெட்டியோடு அதன் பாதுகாப்புத் தகவல் தாளையும் கேளுங்கள். 3ஆம் பகுதியில் ராடில் என்ன கலந்திருக்கிறது என்றும், 8ஆம் பகுதியில் எவ்வளவு வரை தாங்கலாம், என்ன கவசம் வேண்டும் என்றும் இருக்கும்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. 1985இன் 161ஆம் உடன்படிக்கைப்படி வேலை தொடர்பான பரிசோதனை இலவசம். அதற்காகச் சம்பளம் பிடிக்கக்கூடாது, முடிந்தவரை வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும்.

கவசம் கொடுத்தால் போதாது, அது வேலை செய்ய வேண்டும். வெல்டிங் ஹெல்மெட் கண்ணுக்கும் முகத்துக்கும்தான். குனிந்து வேலை செய்தால் புகை தாடைக்கு அடியில் நுழைந்து உள்ளேயே சுற்றும். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தப் புகைக்கு ஒன்றுமே இல்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2க்குக் குறையாத மாஸ்க் வேண்டும், அதுவும் முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் உட்காராது. புகை உறிஞ்சியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலே இழுவை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுவரோரம் ஓடுகிற உறிஞ்சி கணக்குக் காட்டத்தான் உதவும்.

தொடக்கத்தில் எழுதிவைக்கச் சொன்ன குறிப்புக்கு இப்போது வருவோம். சிடரோசிஸ், ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சடைப்பு நோய் எல்லாம் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இழப்பீடு கேட்கும்போது வேலைதான் காரணம் என்று காட்ட வேண்டியிருக்கும், அங்கேதான் பலர் கைவிரிக்கிறார்கள். தேதி, எத்தனை மணி நேரம், எந்த உலோகம், ராடின் பெயர், திறந்த இடமா மூடிய இடமா, அன்றிரவு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் ஒரு வரி போதும். மூச்சுத் திணறல் விடுமுறை நாட்களில் குறைகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ கருவியை மருத்துவர் கொடுத்தால், வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தினம் நான்கு முறையாவது சில வாரங்களுக்கு ஊதி, வந்த எண்ணை அதே நோட்டில் குறித்துவையுங்கள்.