ஆள்கடத்தல்: ஒரு சொல், மூன்று குற்றங்கள்

‘ஆள்கடத்தல்’ என்று நாளிதழில் கண்டதும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உள்ள வாசகருக்குக் காரில் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைதான் நினைவுக்கு வரும். சுற்றுலா விசாவில் மலேசியாவுக்கு வேலைக்கு ஏற்றிவிடப்பட்ட இளைஞர்களைப் பற்றிய செய்திக்கும் அதே தலைப்பைத்தான் இடுகிறார்கள். கொத்தடிமையாக விற்கப்பட்ட பெண்ணுக்கும் அதே சொல்தான்.

‘கட’ என்னும் வினையின் பிறவினை ‘கடத்து’. நட – நடத்து, கிட – கிடத்து என்பன போல. கடக்கச் செய்தல் என்பதே பொருள். அதில் குற்றம் ஏதுமில்லை. பொழுதைக் கடத்துகிறோம், செம்புக் கம்பி மின்கடத்தி. சுங்கத்துக்குத் தெரியாமல் தங்கம் கொண்டுவருவதையும் இச்சொல்லாலேயே குறிப்பதால் அதில் கள்ளத்தின் வாடை ஏறிவிட்டது. விசா இல்லாமல் பிடிபட்டவரை அரசு திருப்பி அனுப்புவதும் ‘நாடுகடத்தல்’தான், தரகர் செய்தால் குற்றம், அரசு செய்தால் சட்டம், வினைச்சொல் மட்டும் மாறவில்லை.

செட்டிநாட்டில் கடல் கடந்த பிழைப்புக்குத் தனிச் சொற்களே இருந்தன. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிற்க’, அதாவது தொழில் நடத்தப் போனார்கள், கடைப் பொறுப்பாளரான மேலாளும் அவருக்கு உதவும் அடுத்தாளும் எடுபிடியான பெட்டியடிப் பையனும் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு என்னும் வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளுக்கோ சீட்டு இல்லை, கடன்தான் இருந்தது. அவர்களை ஊர் ஊராகத் திரட்டியவர்களுக்குக் கங்காணி, ஆள்கட்டி என்று பெயர். ஆள்கட்டி என்பது எத்தனை நேர்மையான சொல்! இன்றைய ‘ஏஜென்ட்’ என்ற பெயரில் அந்தக் கட்டு தெரிவதில்லை.

1948இல் இலங்கை குடிவரவுச் சட்டத்தையும் குடியுரிமைச் சட்டத்தையும் இயற்றிய பிறகு, நமது கரையிலிருந்து மறைவாகப் படகேறியவர்களைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். தோணிக்காரனைச் சுட்டவேண்டிய பழி பயணிமேல் விழுந்தது. பின்னர் அது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த மலையகத் தமிழரையே ஏசும் வசையாகவும் ஆயிற்று. ஆகவே செய்தி எழுதுவோர் இச்சொல்லைத் தவிர்ப்பதே முறை.

2000ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் இரண்டு குற்றங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைச் சட்டவிரோதமாக வேற்று நாட்டுக்குள் புகுத்துவது ஒன்று. இது அந்த நாட்டுக்கு எதிரான குற்றம், இதில் பயணி உடன்பட்டே போகிறார். இதை ‘எல்லைகடத்தல்’ எனலாம். வன்முறையாலோ ஏமாற்றியோ ஆளைச் சேர்த்து உழைப்பையோ உடலையோ சுரண்டுவது மற்றொன்று; இது அந்த மனிதருக்கு எதிரான குற்றம், உள்ளூர்ச் செங்கல் சூளையிலும் நடக்கக்கூடியது. இதற்கு ‘ஆள்வணிகம்’ பொருந்தும். ‘ஆள்கடத்தல்’ குழந்தையைத் தூக்கிச் செல்வோருக்கே இருக்கட்டும்.

வெளிநாடு போனவர்களின் வீட்டார் பேச்சில் இச்சொற்களில் எதுவும் வராது. “நகையை அடகு வச்சு ஏஜென்ட் மூலமா அனுப்பிவிட்டோம்” என்பார்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

எல்லைகடத்தலாகத் தொடங்கிய பயணம் இடையில் தன்மை மாறுவதும் உண்டு. இறங்கிய இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பயணக் கடனைக் காட்டி, சம்பளமின்றி வேலை வாங்கினால், அந்தக் கட்டத்திலிருந்து ‘ஆள்வணிகம்’ என்றே எழுதவேண்டும். ஊரில் அவர் விரும்பித்தான் புறப்பட்டார் என்ற வாதத்தை ஐ.நா. நெறிமுறை அங்கே ஏற்பதில்லை.