ஏரியா ரக்: தமிழில் என்ன பெயர்?

பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது ஹாலுக்கு ‘ஏரியா ரக்’ வேண்டும் என்கிறார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டாமல், தரையில் ஒரு பகுதிக்கு மட்டும் போடுகிற விரிப்பு அது.

‘ரக்’ என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் முரட்டுக் கம்பளித் துணியையும் போர்வையையும் குறித்தது. தரைக்கு வந்தது பிற்பாடுதான்.

தமிழில் பலரும் இதைக் கம்பளம் என்று எழுதிவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பளம் வடசொல், ஆட்டுமயிரில் நெய்த துணிக்கு உரியது. மணிமேகலையில் இந்திரனின் இருக்கை பாண்டு கம்பளம், அதாவது வெண்கம்பளம். பருத்தியில் நெய்தால் ஜமுக்காளம். அது ‘ஜம்கானா’ என்ற உருதுச் சொல்லின் வழி வந்தது. பவானி ஊரே அதனால் பெயர் பெற்றது. கோரையில் நெய்தால் பாய். பா, பாவு, பாய் மூன்றும் பரவுதல் என்ற பொருளில் கிளைத்தவை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, காற்றுக்கு விரிகிற கப்பல் துணியும் பாய்.

எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல, தரைவிரிப்பு என்பதே சரி. வெறும் விரிப்பு என்றால் கட்டில் விரிப்போ என்று கேட்பார்கள். ஆனால் கடையில் நிற்கும்போது கம்பளம், ஜமுக்காளம், பாய் என்று பிரித்தே கேளுங்கள். எதில் நெய்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. எங்கே போடலாம் என்பதும் அதை வைத்துத்தான்.

நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் அடர்ந்த கம்பளம் ஒத்துவராது, மண் உள்ளே இறங்கிவிடும். ஜமுக்காளத்தை உதறலாம், துவைக்கலாம். சோபாவின் முன்கால்கள் மட்டுமாவது அதன் மேல் நிற்கிற அளவு வாங்குங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தால் ஹால் நடுவில் ஒட்டாமல் கிடக்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் என்றால், நாலு பக்கமும் இரண்டு அடி கூடுதலாக இருந்தால்தான் நாற்காலியைப் பின்னால் இழுக்கும்போது கால் விளிம்பில் இடறாது. மொசைக், டைல்ஸ் தரை என்றால் அடியில் வழுக்காத ரப்பர் வலை அவசியம்.

பத்தமடை ஊரில் நெய்கிற கோரைப்பாயின் மேல் சோபா வேண்டாம், சோபாவின் கால் அழுத்தினால் கோரை முறியும். அங்கே கோரையைக் கீறி, ஊறவைத்துக் காயவைத்து, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். நயமான பாயைத் துணி மாதிரி மடித்து வைக்கலாம்; விரலால் தடவினால் பட்டு மாதிரி வழுவழுப்பு, அதனால்தான் பட்டுப்பாய் என்கிறார்கள். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாயும் உண்டு. பத்தமடைப் பாயைக் கட்டிலுக்குப் பக்கவாட்டிலோ, பூஜை அறையிலோ, ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற மூலையிலோ விரியுங்கள். தரையைத் துடைத்ததும் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே போடவேண்டும். ஈரம் தங்கினால் கோரை கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.