நெட் மீட்டரிங்: குறித்து வாங்கி, குறித்தபடி கொடுப்பது

மாடியில் சோலார் தகடு போட்டவரைப் பார்த்தால் தெருவில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நெட் மீட்டர் மாத்தியாச்சா?" என்பதுதான். மின் அலுவலகத்திலும் அதே சொல், தகடு மாட்ட வருபவர் வாயிலும் அதே சொல். அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 'வலை அளவீடு' என்றுகூட ஓரிடத்தில் படித்தேன். அது தவறு. ஏன் தவறு என்று பார்க்கப் போனால், இந்தச் சொல்லுக்குள் இருக்கும் பெரிய விவாதம் ஒன்றும் தெரியவருகிறது. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் நாற்பது ஆண்டுகளாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

முதலில் பொருள். 3 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தரும். அதில் பெரும்பகுதி காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணிக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும் எடுத்தது போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போகிறது. இரவில் ஏசி ஓடும்போது அதே கம்பியிலிருந்து நாம் எடுக்கிறோம். மாதக் கடைசியில் எடுத்தது 200, கொடுத்தது 150 என்றால், 50 யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது நெட் மீட்டரிங்.

இந்த 'நெட்' மீன்பிடி வலையும் அல்ல, இணைய வலையும் அல்ல. அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பழைய ஜெர்மானிய மூலத்திலிருந்து வந்தது. கணக்கில் வரும் 'நெட்' லத்தீனத்திலிருந்து வந்த வேறு சொல். 'நிதிதுஸ்' என்றால் லத்தீனில் ஒளிர்கிற, பளபளக்கிற என்று பொருள். அது பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் 'சுத்தமான' என்ற பொருளைப் பெற்று, வணிகர்கள் வழியாகக் கணக்கேட்டுக்குள் நுழைந்தது. கோணி எடை, கழிவு, செலவு எல்லாம் நீக்கிய பிறகு நிற்கும் சுத்தமான தொகை அது. சூரிய ஒளியில் பிறந்த மின்சாரத்தை அளக்கும் சொல்லுக்கு வேரில் ஒளி என்றே பொருள் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'மீட்டர்' கிரேக்கத்தின் 'மெத்ரோன்', அதாவது அளவு.

வழக்கம் எங்கே தொடங்கியது? நியூயார்க்கின் மன்ஹாட்டனில், கிழக்கு 11ஆம் தெரு, 519ஆம் எண். இடிந்துகிடந்த பழைய அடுக்குமாடி ஒன்றை அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் உடலுழைப்பாலேயே சீரமைத்தார்கள். 1976இல் அதன் கூரைமேல் 2 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார்கள். மிஞ்சிய மின்சாரம் நகரக் கம்பிக்குப் போனது. மின் நிறுவனமான கான் எடிசன் எதிர்த்தது. முன்னாள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் குடியிருப்போர் பக்கம் நின்றார். முடிவில் மின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையம் அந்த மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னது. ஏழைகள் குடியிருந்த ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. இன்று இது வசதியுள்ளவர்களின் சலுகை என்று பேசுகிறார்களே, அதற்காகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்து மீட்டருக்குள் ஓர் அலுமினியச் சக்கரம் சுற்றும். நம் வீடுகளிலும் இருந்ததுதான். மின்சாரம் உள்ளே வந்தால் அது முன்னோக்கிச் சுற்றும், வெளியே போனால் பின்னோக்கிச் சுற்றும், எண்ணும் குறையும். யாரும் தனியாகக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை, சக்கரமே கழித்துவிடும். இப்படி இயந்திரத்தின் இயல்பிலேயே இருந்த கணக்கைச் சட்டம் பிற்பாடுதான் ஏற்றுக்கொண்டது.

1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் ஒன்று இயற்றி, சிறு உற்பத்தியாளர்களின் மின்சாரத்தை நிறுவனங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றது. என்ன விலைக்கு? 'தவிர்த்த செலவு' என்ற விலைக்கு. அதாவது, அந்த யூனிட்டை நிறுவனமே உற்பத்தி செய்திருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அது. நாம் கட்டும் சில்லறை விலையைவிட இது குறைவு. 1983இல் மினசோட்டா சட்டமன்றம் ஒரு படி மேலே போனது. 40 கிலோவாட்டுக்குக் குறைந்த அமைப்பாக இருந்தால், மிஞ்சும் யூனிட்டுக்கு நிறுவனம் தன் சராசரிச் சில்லறை விலையையே தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இதற்கு முன்பே சில மாநிலங்களில் ஆணையங்கள் இதை அனுமதித்திருந்தன. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமே எழுதியதில் மினசோட்டாதான் முன்னோடி.

வாங்கியதும் கொடுத்ததும் ஒரே அளவு, ஒரே மதிப்பு. மினசோட்டா எழுதிய சட்டத்தின் சாரம் இதுதான். இதற்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடினால் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சொல் ஒன்று கிடைக்கிறது: குறியெதிர்ப்பை.

திருக்குறளின் ஈகை அதிகாரம் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. "வறியார்க்கொன் றீவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து." இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை கொண்டது. ஒரு பொருளை அளவு குறித்து வாங்கி, வாங்கிய அதே அளவில் திருப்பிக் கொடுப்பது குறியெதிர்ப்பை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். குறி என்றால் குறித்த அளவு, எதிர் என்றால் பதிலுக்கு. வள்ளுவர் இதை ஈகையிலிருந்து பிரித்துக் காட்டுகிறாரே தவிர, இழிவாகச் சொல்லவில்லை. அது இழிவல்ல என்பதைப் புறநானூறு 163இல் பார்க்கலாம். குமணனிடம் பெற்ற பரிசிலோடு வீடு திரும்பும் பெருஞ்சித்திரனார், யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் பட்டியல் போடுகிறார். அதில் 'நெடுங்குறியெதிர்ப்பை நல்கியோர்க்கும்' என்று வருகிறது. சுற்றத்தின் பசி தீர நெடுநாளாக அளந்து கொடுத்து உதவியவர்கள் அவர்கள். அந்த வீடு அதுவரை பிழைத்திருந்ததே அந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

இன்றும் இது நடக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி வருகிறோம், சம்பளம் வந்ததும் அதே டம்ளரில் திருப்பிக் கொடுக்கிறோம். இடையில் கடையில் சர்க்கரை விலை ஏறியதா இறங்கியதா என்று இருவரும் பார்ப்பதில்லை. அளவு மட்டும்தான் கணக்கு. நெட் மீட்டரிங்கும் அச்சாக இதேதான். நண்பகலில் ஒரு யூனிட் கொடுத்தேன், இரவில் ஒரு யூனிட் எடுத்தேன், சரியாகப் போயிற்று.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "நீங்க கொடுத்தது மழைக்காலத்துச் சர்க்கரை, நான் கொடுத்தது தீபாவளிச் சர்க்கரை, ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டால்? அமெரிக்க மாநிலங்களில் நடப்பது இந்த வாதம்தான். மின் நிறுவனங்கள் சொல்வது இது: யூனிட் விலைக்குள் மின்சாரம் மட்டும் இல்லை, கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஊழியர் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. தகடு போட்டவரின் பில் குறைந்தால் அந்தச் செலவு தகடு இல்லாதவர் தலையில், முக்கியமாக வாடகை வீட்டுக்காரர் தலையில் விழும். இது முழுப் பொய் அல்ல. ஆனால் என் மாடியில் பிறந்த யூனிட் அடுத்த வீட்டிலேயே செலவாகிறது, நூறு கிலோமீட்டர் கம்பியில் வரும்போது வீணாகும் மின்சாரம் மிச்சமாகிறது, புதிய மின்நிலையத்தின் தேவையும் தள்ளிப்போகிறது. இவற்றையும் அதே தராசில் வைக்க வேண்டும். வைக்காமல் ஒரு பக்கச் செலவை மட்டும் எண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நெவாடாவில் நடந்தது நல்ல பாடம். 2015 டிசம்பரில் அங்குள்ள ஆணையம் கொடுத்த யூனிட்டின் மதிப்பைக் குறைத்து, மாதாந்திர நிலைக்கட்டணத்தை ஏற்றியது. புதிதாகத் தகடு போடுபவர்களுக்கு மட்டும் அல்ல, பழைய கணக்கை நம்பி ஏற்கெனவே போட்டவர்களுக்கும் சேர்த்து. தகடு பொருத்தும் பெரிய நிறுவனங்கள் மாநிலத்தை விட்டே வெளியேறின. 2016இல் பழையவர்களுக்குப் பழைய கணக்கு திரும்பக் கிடைத்தது. 2017இல் சட்டமன்றமே தலையிட்டது. முதல் 80 மெகாவாட் வரை சேருபவர்களுக்குச் சில்லறை விலையில் 95 விழுக்காடு, அப்புறம் படிப்படியாக 88, 81, கடைசியில் 75. படியைத் தலைதட்டி அளப்பது என்று சொல்வோமே, அதுதான். ஆனால் எவ்வளவு தட்டுவோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத் தட்டினார்கள். அந்த நேர்மை முக்கியம்.

கலிஃபோர்னியா இன்னும் தூரம் போனது. 1995இல் சட்டமியற்றி நெட் மீட்டரிங்கைத் தொடங்கிய மாநிலம் அது. நண்பகலில் சூரிய மின்சாரம் வழிந்தோடும், பொழுது சாய்ந்ததும் தேவை செங்குத்தாக ஏறும் என்ற நிலை அங்கே வந்துவிட்டது. 2013இல் சட்டமன்றம் புதிய முறை வகுக்கும் பொறுப்பை ஆணையத்திடம் கொடுத்தது. 2022 டிசம்பரில் ஆணையம் எடுத்த முடிவின்படி, 2023 ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு விண்ணப்பிப்பவர்களுக்கு நெட் மீட்டரிங் கிடையாது, 'நெட் பில்லிங்' மட்டும்தான். கொடுக்கும் யூனிட்டுக்கு அந்தந்த நேரத்துத் தவிர்த்த செலவு மட்டுமே வரவு. மதிப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு இறங்கியது. மின்கலம் சேர்த்து, பகல் மின்சாரத்தை மாலைக்கு வைத்துக்கொண்டால்தான் தகடு கட்டுப்படியாகும் என்றாகிவிட்டது. சர்க்கரையைச் சர்க்கரையாகத் திருப்பித் தராமல், அன்றைய சந்தை விலையைப் பணமாகத் தருவது போல. அது குறியெதிர்ப்பை அல்ல, விற்பனை.

நம் பக்கம் இதையெல்லாம் சட்டமன்றம் முடிவு செய்வதில்லை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 2012 சூரிய ஆற்றல் கொள்கையோடு நெட் மீட்டரிங் அறிமுகமானது. 2019 கொள்கை மிச்ச மின்சாரத்துக்குத் தனி விலை வைக்கும் 'நெட் ஃபீட்-இன்' முறையைக் கொண்டுவந்தது. 2021 ஆணையில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பியது. இதே ஊசலாட்டத்தை ஒன்றிய அரசின் விதியிலும் பார்க்கலாம். 2020 டிசம்பர் 31இல் 10 கிலோவாட் வரைதான் நெட் மீட்டரிங் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் 2021இல் 500 கிலோவாட் வரை என்று மாற்றினார்கள்.

இலங்கையில் 2010இலேயே இது வந்துவிட்டது. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் என்று மூன்றாகப் பிரித்து வைத்தார்கள். முதல் வகையில் பணமே கைமாறாது, மிச்ச அலகு அடுத்த மாதத்துக்குப் போகும். இரண்டாவதில் மிச்சத்துக்கு மட்டும் பணம். மூன்றாவதில் உற்பத்தி முழுவதும் விற்பனை. மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்ததால் மக்களுக்கு எது எது என்று புரிந்தது. இந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'நெட்' என்பதற்கு 'நிகர' என்பது நிலைபெற்றுவிட்டது. பிஸ்கட் பொட்டலத்திலேயே 'நிகர எடை' என்று இருக்கிறது. 'நிகர்' என்றால் ஒப்பு, சமம் என்ற பொருளும் உண்டு. கொடுத்ததும் எடுத்ததும் நிகர் என்ற குறிப்பும் அதில் ஒலிப்பதால் 'நிகர அளவீடு' நல்ல சொல். அரசுத் தாள்களில் அதுவே இருக்கட்டும். நெட் பில்லிங்கையும் 'நிகர அளவீடு' என்றே மொழிபெயர்ப்பதுதான் கூடாது. அதை 'நிகர விலைக்கணக்கு' என்று பிரித்துச் சொன்னால், அளவு திரும்பி வருகிறதா விலை வருகிறதா என்பது பெயரிலேயே தெரியும். உற்பத்தி முழுவதையும் விற்கும் முறை 'மொத்த அளவீடு'. கருவிக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் 'மின்மானி' கையடக்கமான சொல். இரண்டு பக்கமும் எண்ணுவதால் 'இருவழி மின்மானி' என்றால் போதும்.

கொள்கையைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் 'குறியெதிர்ப்பை' என்ற சொல்லையே எடுத்தாள வேண்டும் என்பது என் ஆசை. 'கலிஃபோர்னியா குறியெதிர்ப்பையைக் கைவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் நடந்தது முழுவதும் அதில் வந்துவிடும். பில்லில் 'இறக்குமதி', 'ஏற்றுமதி' என்ற துறைமுகச் சொற்கள் வேண்டாம். 'வாங்கியது', 'கொடுத்தது' என்று இரண்டு கட்டம் போட்டால் பாட்டியும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவார்.