24 முதல் 1766 வரை, ஆனால் ஒரு நேரத்தில் 2.4 மட்டும்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (லேப்டாப்பில் செருகி ரேடியோ அலைகளைப் பிடிக்கும் சிறிய யூஎஸ்பி கருவி) வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது ‘24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ்’ என்ற எண்ணைத்தான். அது எங்கெல்லாம் போய்க் கேட்கலாம் என்பதற்கான கணக்கு. ஓரிடத்தில் நின்றபடி எவ்வளவு அகலம் பார்க்கலாம் என்பது வேறு. அதுதான் பேண்ட்வித். இந்த டாங்கிளில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ்.

கும்பகோணத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். காரைக்கால் வானொலி 100.3, கொடைக்கானல் 100.5, திருச்சி ரெயின்போ 102.1. மையத்தை 101.2-இல் வைத்தால் மூன்றுமே ஒரே திரைக்குள் அடங்கும். ஆனால் காரைக்காலும் திருச்சியும் ஓரத்துக்குப் போய்விடும். அங்கே வடிகட்டி சிக்னலைத் தேய்க்கும். நடுவில் உள்ள 80 சதவீதத்தைத்தான் தைரியமாக நம்பலாம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. எல்லைக்கு வெளியே, 102.6-இல் பலமான நிலையம் ஒன்று இருந்தால், அது 100.2-இல், காரைக்காலை ஒட்டிப் பொய்யாகத் தலைகாட்டலாம். சந்தேகம் வந்தால் சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மில்லியன் அளவீடுகள் லேப்டாப்புக்கு வருகின்றன என்பதை, 2.4-இலிருந்து 2.048-க்கு மாற்றிப் பாருங்கள். நிஜமானது அதே இடத்தில் இருக்கும். பொய் இடம் மாறும், அல்லது காணாமல் போகும்.

சரி, இந்த 2.4 எங்கிருந்து வருகிறது? டாங்கிளுக்குள் அலையை எண்ணாக்கும் பகுதி நொடிக்கு 2.88 கோடி முறை அளக்கிறது. சிப்பே அதைச் சுருக்கி 24 லட்சம் சாம்பிளாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சாம்பிளிலும் ஐ, க்யூ என (ஒரே அலையைக் கால் சுற்று தள்ளி அளந்த) இரண்டு எண்கள். எண்ணுக்கு ஒரு பைட். இரண்டு எண்கள் இருப்பதால்தான் 24 லட்சம் சாம்பிளுக்கு 2.4 மெகாஹெர்ட்ஸும் முழுசாகக் கிடைக்கிறது. ஒற்றை எண்ணாக இருந்தால் பாதிதான். ஆக, நொடிக்கு 4.8 மெகாபைட் லேப்டாப்புக்கு வருகிறது. பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபிக்கு மேல் போகும், டிஸ்க் பத்திரம்!

மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும், கடைமடைக்குப் போய்ச் சேருவது வழியில் இருக்கும் ஒடுக்கமான மதகு விடுகிற அளவுதான். இங்கே அந்த மதகு எது? யூஎஸ்பி 2.0 என்று பலர் சொல்வார்கள். ஆனால் ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற விலை கூடிய எஸ்டிஆர் கருவி அதே யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 2 கோடி சாம்பிள் தள்ளுகிறது. 88 முதல் 108 வரை எஃப்எம் முழுவதும் அதில் ஒரே பார்வையில் வந்துவிடும். ஆகவே இங்கே இடறுவது சிப்தான். 32 லட்சம் வரை முடுக்கலாம். ஆனால் நடுநடுவே சாம்பிள்கள் விடுபட்டுப் போகும். திரையைப் பார்த்தால் தெரியாது. டிஜிட்டல் சிக்னலைப் பிரிக்கும்போதுதான் வண்டவாளம் வெளிவரும்.

அதற்காக எல்லோருக்கும் அகலம் தேவையில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலைப் பிடிக்க 161.975, 162.025 இரண்டும் போதும். இடைவெளி 50 கிலோஹெர்ட்ஸ்தான். கூடவே 156.8-இல் உள்ள கடல் அவசர சேனலும் வேண்டுமென்றால் இன்னொரு டாங்கிளைச் செருகுங்கள். ஹேக்ஆர்எஃப் விலைக்கு டாங்கிள் பல வாங்கலாம்.