ஒரு காணிக் கடிதமும் ஒற்றையாட்சியும்

வன்னிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கையில் கடிதத்தோடு வந்தார். அரச காணியில் இருக்கிறீர்கள், 30 நாளுக்குள் வெளியேறுங்கள் என்று எழுதியிருந்தது. அவர் தகப்பன் காலத்திலிருந்து உழுந்தும் கச்சானும் போட்ட நிலம். அந்தக் கடிதத்தை ரத்துச்செய்யக் கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனுவுக்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி, எங்கட காணிக்கு ஏன் கொழும்பு? இஞ்ச கோட்ஸ் இல்லையோ? மாகாண சபை தந்தவங்கள்தானே?"

தந்தது உண்மைதான். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாண சபை நிரலில், அதாவது சபைக்குக் கொடுத்த விடயங்களின் பட்டியலில், காணியும் இருக்கிறது. ஆனால் மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்கவேண்டுமென்றால் விடயம் அந்த நிரலுக்குள் அடங்கவேண்டும். அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது, வெளியேற்றக் கடிதத்தை மாகாண நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 2013 செப்டெம்பர் 26இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் உயர் நீதிமன்றம்தான் உங்கள் உச்ச நீதிமன்றம்.)

இதற்கெல்லாம் வேர் ஒற்றையாட்சி, அதாவது உச்ச அதிகாரம் மத்தியிடமே இருக்கும் முறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் ஒற்றுமை என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், மாகாண சபை வந்ததால் ஒற்றையாட்சி போய்விட்டது என்கிறார்கள். இரண்டும் இல்லை. கொடுத்த அதிகாரத்தை மத்தி தானே திருப்பி எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 1921இல் தொடங்கிய வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தை 1972இல் லண்டன் நிறுத்திவைத்தது. நியூசிலாந்து தன் மாகாணங்களையே 1875இல் ஒரு சட்டத்தால் ஒழித்தது. 13ஆவது திருத்தம் ஒற்றையாட்சியைக் குலைக்கிறதா என்ற வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் அமர்ந்தார்கள். குலைக்கவில்லை என்ற முடிவு மயிரிழைப் பெரும்பான்மையில்தான் வந்தது. காரணம் என்ன தெரியுமா? சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, ஆளுநரை ஜனாதிபதிதான் நியமிக்கிறார் என்பதே. அதாவது, அதிகாரம் குறைவாக இருந்ததால்தான் திருத்தமே தப்பியது!

அப்படியானால் நாடுகள் ஏன் இந்த முறையை விரும்புகின்றன? செலவு குறைவு, முடிவு சீக்கிரம், நாடெங்கும் ஒரே சட்டம். சிறிய நாட்டுக்கு இது நல்ல ஏற்பாடாகவும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. இலங்கையில் தொடக்கம் வெள்ளைக்காரரின் கணக்குப் பார்ப்பு. 1815இல் பிடித்த கண்டியைத் தனியாக நிர்வகிப்பது செலவு என்று 1833இல் கோல்புறூக் சீர்திருத்தத்தோடு தீவு முழுவதையும் ஒரே நிர்வாகமாக்கினார்கள். சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் "ஒற்றையாட்சி" என்ற சொல்லே கிடையாது, நடைமுறைதான் அப்படி. சொல்லை எழுத்தில் ஏற்றியது 1972 குடியரசு அரசியலமைப்பு. 1978இலும் அது தொடர்ந்தது. பின்னால் இருந்தது பயம்: கொடுத்தால் நாடு உடையும் என்பது. வேடிக்கை என்னவென்றால், 1926இல் சமஷ்டியை (கூட்டாட்சியை) பற்றிப் பேசியவர், பின்னாளில் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டு, அரசியலமைப்பை ஆராய லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்கள்.

2017இல் புதிய அரசியலமைப்புக்கான அரசியலமைப்புச் சபையின் இடைக்கால அறிக்கை வந்தபோது சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய" (ஒற்றையாட்சிக்கு வழங்கிவந்த சொல்), தமிழில் "ஒருமித்த நாடு" என்று எழுதினார்கள். எது எதன் மொழிபெயர்ப்பு என்று ஊரெல்லாம் சண்டை. அதில் மட்டும் தனிக் கட்டுரை எழுதலாம்.

சரி, சமஷ்டி கேட்பது குற்றமா என்றும் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இல்லை. 1983இன் ஆறாவது திருத்தம் தடுப்பது தனிநாடு கோருவதை. சமஷ்டி கோருவது பிரிவினை ஆகாது என்று 2017 ஓகஸ்ட் 4இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பெரியவரின் கதைக்கு வருவோம். நீதவான் நீதிமன்றத்தில் இப்படியான வழக்கு வந்தால் நீங்கள் காட்டக்கூடியது ஒன்றுதான்: செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம், அல்லது அரசின் வேறு எழுத்து அதிகாரம். எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது அங்கே எடுபடாது. இவருடைய பேமிற் (அந்த அனுமதிப்பத்திரம்) தகப்பன் பெயரிலேயே கிடந்தது. அடுத்து காணி யாருக்கு என்று காட்டும் பின்னுரித்தாளர் நியமனம் எழுதியிருந்தார்கள், ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கும்போது காணிப் பதிவகத்தில் பதியவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் அப்படி ஒன்று இருந்தால், பேமிற்காரர் உயிரோடிருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுங்கள். கடிதம் வந்துவிட்டதென்றால் திகதியைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கொழும்பு பஸ்ஸுக்கும் அந்த 30 நாளுக்குள்தான் ஏறவேண்டும்.