வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர் போகும் வழியில், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஊர். பூங்காவுக்காக ஒருவர் எண்பது சென்ட் தானமாகத் தருகிறார், பத்திரம் பதியும் முன் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று ஊராட்சித் தலைவர் கூப்பிட்டிருந்தார். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மாசு இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் சரியாக இருந்தன. மண் பரிசோதனை அறிக்கைகூட வைத்திருந்தார்கள்.

அது விவசாயத்துக்காக எடுத்த அறிக்கை. தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை, உப்பு. நெல் போடுவதற்கு அது போதும்; குரோமியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் அதில் வராது. கட்டடத்துக்காக எடுக்கும் தாங்குதிறன் சோதனையிலும் வராது. "மண் டெஸ்ட் எடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால், எதற்காக எடுத்தது என்று அவசியம் கேளுங்கள்.

நிலத்தின் ஒரு மூலை மட்டும் மேடாக இருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்த பாட்டியிடம் கேட்டேன். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்னார்: "முன்னல்லாம் ராத்திரியில கம்பெனி லாரி வந்து கொட்டிட்டுப் போவும்பா. மழ பேஞ்சா அங்க மஞ்சத் தண்ணி நிக்கும்."

ராணிப்பேட்டைக்காரர்களுக்கு மஞ்சள் தண்ணீர் புதிதல்ல. 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை அங்கே ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம், தண்ணீரில் சுலபமாகக் கரைந்து அதை மஞ்சளாக்கும். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பூங்காவில் குழந்தைகள் மண்ணிலேயே உட்கார்ந்து, அந்தக் கையை வாயில் வைப்பார்கள். அதனால்தான் பூங்கா நிலத்தை வீட்டு மனையைவிடக் கறாராகப் பார்க்கிறேன்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கும். நாலு மூலை மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால், ஒரு மூலையின் விஷம் மற்ற மண்ணோடு சேர்ந்து குறைவாகத் தெரியும். மேட்டில் தனியாக, மேல்மண் தனியாக, ஆழத்தில் தனியாக எடுத்தோம். பக்கத்துக் கிணற்று நீரும் எடுத்தோம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கிணறு தப்பித்தது. மேடு தப்பவில்லை.

"ரெண்டு அடி செம்மண் அடிச்சு மேல புல்லு போட்டுடலாமே சார்" என்றார் தலைவர். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் மழைநீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். செடிக்குத் தண்ணீர் விடப் போர் போட்டால், கீழே இறங்கியதை நாமே மேலே இழுத்துத் தெளிப்போம். தோண்டி அகற்றுவதென்றால் அதைக் குப்பை மேட்டில் கொட்ட முடியாது. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவை ஒரு ஊராட்சியால் எப்படித் தாங்க முடியும்?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் நம் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கிலும் சொன்னது. மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளும் கொண்டுவந்தது. ஆனால் ராத்திரி லாரியை இன்று எங்கே போய்த் தேடுவது? பத்திரம் பதிந்துவிட்டால் நிலமும் ஊராட்சியுடையது, தலைவலியும் ஊராட்சியுடையது.

தானம் கொடுத்தவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவரும் பின்னால் வாங்கியவர்தான், மேடு எப்படி வந்தது என்றே அவருக்குத் தெரியாது. கடைசியில் மேட்டை உட்பிரிவு செய்து விலக்கி வேலி போட்டார்கள், மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினார்கள். மீதி அறுபது சென்ட்டில் மறுபடி மாதிரி எடுத்து, சுத்தம் என்று தெரிந்த பிறகே பதிவு நடந்தது. தானப் பத்திரத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: இந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்பது பற்றித் தானம் தருபவர் அறிந்த விவரம்; பூங்காவுக்குள் போர் போடக் கூடாது என்ற நிபந்தனை. செடிகளுக்கு இப்போது மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது.